செப்டம்பர் 18: பெயரை முகப்பில் எழுதியவர்

பீர்க்கன்கரணை பேருந்து நிறுத்தத்தில் நின்று தெற்கே போகும் வண்டிகளைப் பாருங்கள். வண்டலூர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு என்று ஜி.எஸ்.டி. சாலை நீண்டுகொண்டே போய் மதுராந்தகத்தைத் தொடும். அந்த மதுராந்தகம் வட்டாரத்தில் கோழியாளம் என்றொரு சிற்றூர். 1859 ஜூலை 7 அன்று அங்கே பிறந்த ஒரு பிள்ளை, பிற்காலத்தில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்தான் இரட்டைமலை சீனிவாசன். 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 18, அதாவது இதே நாளில், தமது 86-ஆம் வயதில் சென்னையில் மறைந்தார். ஓட்டேரியில் அடக்கம் செய்யப்பட்டார்.

பெயரில் இருக்கும் இரட்டைமலையை ஊர்ப் பெயர் என்று நினைத்துக்கொள்ளும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது அவருடைய தந்தையின் பெயர்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் ‘வரலாற்றில் இன்று’ பட்டியலை மனப்பாடம் செய்வார்கள். செப்டம்பர் 18-க்கு அந்தப் பட்டியலைப் புரட்டினால் அமெரிக்கச் செய்திகள் மூன்று கண்ணில் படும். ஒரு மதிப்பெண் கேள்விக்காகப் படித்துவிட்டுக் கடந்து போகக் கூடியவை அல்ல அவை. சீனிவாசனின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளவும் உதவும் என்பதால் முதலில் அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

கடலுக்கு அப்பால் மூன்று செய்திகள்

1793 செப்டம்பர் 18 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் அடிக்கல் நாட்டினார். அந்தக் கட்டடத்துக்குக் கல் உடைத்தவர்களிலும் செங்கல் அறுத்தவர்களிலும் கறுப்பின அடிமைகள் ஏராளம். அவர்கள் உழைப்புக்கு உரிய கூலி அவர்களுடைய எஜமானர்களிடம் போய்ச் சேர்ந்தது.

1850-இல் இதே நாளில், தப்பியோடும் அடிமைகளைப் பிடித்து உடையவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டத்தில் குடியரசுத் தலைவர் மில்லார்ட் ஃபில்மோர் கையெழுத்திட்டார். ஓடிவந்தவருக்குச் சோறு போட்டு மறைத்து வைத்தவருக்குக்கூட ஆயிரம் டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு என்றது அந்தச் சட்டம். பிடிபட்டவர் தம் தரப்பைச் சாட்சியாகச் சொல்லவும் அதில் இடமில்லை.

1895-இல் இதே நாளில், அடிமையாகப் பிறந்து கல்வியாளராக உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டன் அட்லாண்டா நகரக் கண்காட்சியில் பேசினார். வெள்ளையர் நிறைந்த கூட்டத்தில் ஒரு கறுப்பர் மேடையேறியதே அன்று பெரிய செய்தி. தொழில் கற்போம், உழைத்து முன்னேறுவோம், சமூக வாழ்வில் கலந்து பழகும் உரிமையை இப்போதைக்கு வற்புறுத்த வேண்டாம் என்பதுதான் அந்த உரையின் சாரம். வெள்ளையர் கைதட்டினார்கள். அடுத்த ஆண்டே, இரு இனத்தாருக்கும் தனித்தனி ரயில் பெட்டி வைப்பது செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உழைப்பைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வெளியே நிற்பது, ஊரைவிட்டு ஓடுவது, தலைகுனிந்து காத்திருப்பது. இந்த மூன்றையும் சேரியில் பிறந்தவர் யாரும் சரித்திரப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நான்காவது ஒரு வழியைத் தேடியவர் சீனிவாசன். தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பது அந்த வழி.

மணி அடிக்கும் வரை வெளியே நின்ற மாணவர்

அந்த இடத்துக்கு அவர் எளிதில் வந்து சேர்ந்துவிடவில்லை. சாதிக் கொடுமையும் வறுமையும் குடும்பத்தைக் கோழியாளத்தில் இருக்கவிடவில்லை. தஞ்சைக்குப் போனார்கள், அங்கிருந்து கோவைக்குப் போனார்கள். கோவைக் கல்லூரியில் அவர் படித்தபோது மாணவர்கள் சுமார் 400 பேர். அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் பிராமணர்கள். மற்றவர்கள் பத்துப் பேர் அளவில்தான் இருந்தார்கள்.

மற்ற பையன்களோடு அவர் விளையாடப் போவதில்லை. பேச்சுக் கொடுத்தால் ஊர், உறவு, குடும்பம் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் சாதி தெரிந்துவிடும். அந்தப் பயத்தில் பள்ளிக்கூடத்துக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு விட்டதும் மற்றவர்கள் தன்னை வந்து சேர்ந்துகொள்ளாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். 1939-இல் வெளியிட்ட தமது தன்வரலாற்றில் இதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் கல்லூரி நாட்கள் நினைவுக்கு வரும். உதவித்தொகை வந்திருக்கிறது என்று அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வகுப்புக்கு வரும். பெயர்களைச் சத்தமாக வாசிப்பார்கள். நாங்கள் நாலைந்து பேர் எழுந்து நிற்க வேண்டும். அதுவரை என் டிபன் பாக்ஸில் கைவைத்துச் சாப்பிட்ட பையன் ஒருவன் மறுநாள் வேறு பெஞ்சுக்குப் போனான். அதற்குப் பிறகு பட்டியல் வரும் நாளில் நான் நூலகத்துக்குப் போய்விடுவேன். சீனிவாசன் பள்ளிக்கு வெளியே உட்கார்ந்திருந்ததற்கும் நான் நூலகத்தில் உட்கார்ந்திருந்ததற்கும் இடையே நூறு ஆண்டுக்கு மேல் ஓடியிருந்தது.

‘பறையன்’ பிறந்தது

படிப்பு முடிந்து நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனம் ஒன்றில் கணக்கராகச் சுமார் பத்து ஆண்டு வேலை பார்த்தார். அரங்கநாயகி அம்மையாரை மணந்தார். பண்டிதர் அயோத்திதாசர் அவருக்கு மைத்துனர் முறை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போய் மருந்து வாங்கி வருபவர்கள் அந்த மருத்துவமனைக்கு வைத்திருக்கும் பெயரைக் கவனித்திருப்பீர்கள். அதே அயோத்திதாசர்தான்.

1890-இல் சீனிவாசன் சென்னைக்கு வந்தார். 1891-இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். அந்த ஆண்டு நம் மாவட்டத்துக்கும் முக்கியமானது. அப்போதைய செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர், இங்குள்ள பறையர் மக்களின் நிலையை நேரில் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார். நிலமில்லாமல் அவர்கள் படும் பாட்டை அரசின் முன் வைத்த அந்த அறிக்கையின் விளைவாகத்தான் 1892-இல் ஒதுக்கீட்டு ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அதிலிருந்து தொடங்கியது. அம்பேத்கர் பிறந்ததும் 1891-இல்தான். அவர் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே தமிழ்நாட்டில் இத்தனையும் நடந்துகொண்டிருந்தது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

1893 அக்டோபரில் அவர் ஒரு பத்திரிகை தொடங்கினார். கையில் இருந்த முதல் பத்து ரூபாய். நான்கு பக்கம். விலை இரண்டு அணா. அதற்குப் ‘பறையன்’ என்று பெயர் வைத்தார்.

எதைச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து கல்லூரியில் ஓடி ஒளிந்தாரோ, அதையே எடுத்துப் பத்திரிகையின் முகப்பில் பெரிய எழுத்தில் போட்டார். படித்து நல்ல வேலைக்குப் போன நம்மவர் பலர் அந்தக் காலத்திலும் சாதியை மறைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். மறைத்துக்கொண்டிருக்கும் வரை உரிமை கேட்க முடியாது. கேட்பவன் யார் என்று தெரியாமல் கொடுப்பவன் எப்படிக் கொடுப்பான் என்பது அவருடைய வாதம். சொல்லில் இழிவில்லை, அதை இழிவாகச் சொல்பவனிடம்தான் இழிவிருக்கிறது என்று அவர் கருதினார்.

சென்னையில் இரண்டே நாளில் 400 பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. மூன்று மாதத்தில் மாத இதழ் வார இதழாயிற்று. இரண்டு ஆண்டில் சொந்த அச்சுக்கூடம் வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த மக்களிடையே ஒரு வாரப் பத்திரிகை ஏழு ஆண்டு நடந்திருக்கிறது.

அட்லாண்டாவில் புக்கர் வாஷிங்டன் அந்த உரையை ஆற்றிய 1895-ஆம் ஆண்டில், இங்கே ‘பறையன்’ வாராவாரம் வந்துகொண்டிருந்தது. இருவரும் தம் மக்களுக்குக் கல்வியும் தொழிலும் வேண்டும் என்றவர்கள்தான். ஆனால் சேர்ந்து நடக்கும் உரிமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சீனிவாசன் ஒருபோதும் சொல்லவில்லை.

112 அடி நீள மனு

அவருடைய அரசியலில் இன்றுவரை சர்ச்சைக்குள்ளாகும் இடம் ஒன்று உண்டு. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதுபோல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. கேட்பதற்கு நியாயமான கோரிக்கை. சீனிவாசன் அதை எதிர்த்தார். 1893 டிசம்பர் 23 அன்று சென்னையில் கூட்டம் கூட்டினார். 3,412 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று தயாரானது. நீளம் 112 அடி. அது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கே போனது.

இதை வைத்து அவரை வெள்ளைக்காரனின் ஆள் என்று சொல்பவர்கள் உண்டு. அன்றைய நிலையை யோசித்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூட வாசலே திறக்காத மக்கள் எந்தத் தேர்வை எழுதப் போகிறார்கள்? தேர்வு இங்கே நடந்தால் ஏற்கெனவே படித்திருக்கும் சாதியாரே ஆட்சியர் நாற்காலிகளிலும் உட்காருவார்கள். ஊரில் அடிக்கிற கையே மனு வாங்குகிற கையாகவும் ஆகிவிடும் என்று அவர் அஞ்சினார். அவர் எடுத்த முடிவை ஒருவர் மறுக்கலாம். அஞ்சியதற்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது.

மனுவைவிட, அதில் இருந்த 3,412 கையெழுத்துகளையே நான் பெரிதாக நினைக்கிறேன். அத்தனை பேர், இன்னார் என்று தெரியவந்தால் ஊரில் என்ன நடக்குமோ என்ற பயத்தைத் தாண்டிப் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

கடல் கடந்த இருபது ஆண்டு

1900-இல், நாடாளுமன்றத்திலேயே போய்ப் பேசிவிடலாம் என்று லண்டனுக்குப் புறப்பட்டார். லண்டன் போய்ச் சேர முடியவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் இறங்கி வேலை பார்த்தார். பிறகு தென்னாப்பிரிக்கா போய் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரானார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர் நிறைந்த பகுதி அது. அங்கே வழக்கறிஞராக இருந்த காந்தி தமிழில் கையெழுத்துப் போடக் கற்றது இவரிடம்தான் என்பது பலரும் அறிந்த செய்தி. பின்னாளில் இந்த இருவரும் எதிரெதிரே உட்காரும் காலம் வந்தது.

தெருவில் நடக்க ஒரு தீர்மானம்

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர், 1923-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அறுபதைத் தாண்டிய வயது. ஓய்வு எடுக்க வேண்டிய அந்த வயதில்தான் அவருடைய ஆகப் பெரிய வேலை நடந்தது.

1924 ஆகஸ்ட் 22 அன்று அவர் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுத் தெரு, பொதுப் பாதை எதுவாக இருந்தாலும் எந்தச் சாதியாரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடம் எதற்குள்ளும் எவரும் போகலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. அடுத்த மாதமே அரசாணையும் வந்தது.

அப்போது வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கான போராட்டம் நடந்துகொண்டிருந்தது. பெரியார் அங்கே சிறை சென்றார். மகத் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தது இதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1927-இல். பேருந்தில் விரும்பிய இருக்கையில் உட்கார உரிமை கேட்டு அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரக் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தது 1955-இல்.

ஓர் ஆணை வந்ததும் தெரு திறந்துவிடாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அதற்கு முன், தெருவில் நடந்தவன் குற்றவாளி. அதற்குப் பின், நடக்கவிடாமல் தடுத்தவன் சட்டத்துக்கு விரோதமானவன். அடி வாங்கியவன் காவல் நிலையத்தில் சொல்ல ஒரு காகிதம் கிடைத்தது.

அரசர் முன்னால்

1930 நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு. ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக இந்தியாவிலிருந்து அழைக்கப்பட்டவர்கள் இருவர்: அம்பேத்கர், சீனிவாசன். ஒருவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்ற 39 வயதுக்காரர். மற்றவர் எழுபதைக் கடந்தவர்.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தபோது, தீண்டாமை என்றால் என்ன என்று அவர் கேட்டாராம். தெருவில் நான் கீழே விழுந்து கிடந்தாலும் மேல்சாதிக்காரர் என்னைத் தொட்டுத் தூக்கமாட்டார் என்று இவர் விளக்கினாராம். திடுக்கிட்ட மன்னர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். மதுராந்தகத்துச் சேரிப் பிள்ளை, தான் யாரென்பதை அந்த அரண்மனையிலும் மறைக்கவில்லை.

இரண்டாம் மாநாட்டுக்கும் இருவரும் போனார்கள். 1932 ஆகஸ்டில் தனி வாக்காளர் தொகுதி அறிவிக்கப்பட்டது. அதை எதிர்த்து எரவாடா சிறையில் செப்டம்பர் 20 அன்று காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். நான்கு நாளில், செப்டம்பர் 24 அன்று புனா ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒப்பமிட்டவர்களில் சீனிவாசனும் ஒருவர். சென்னை மாகாணத்துக்கு 18 என்றிருந்த இடங்கள் 30 ஆயின. தனி வாக்காளர் தொகுதி போயிற்று. அது லாபமா நட்டமா என்ற வாதம் இன்னும் முடியவில்லை.

அம்பேத்கரோடு அவர் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. 1935-இல் அம்பேத்கர் மதம் மாறப்போவதாக அறிவித்தபோது இவர் உடன்படவில்லை. நாம் இந்து மதத்துக்குள்ளேயே இல்லாதவர்கள். உள்ளே இல்லாதவன் எங்கிருந்து வெளியேறுவது என்பது அவர் கேள்வி. தலைவர்கள் வேறுபட்டு நின்றதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சிந்திக்கிற சமூகத்தில் இரண்டு கருத்து இருக்கத்தான் செய்யும்.

பெயர் போனால் போதுமா?

ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்கள் வந்தன. நாடு விடுதலை பெற இரண்டு ஆண்டுக்கும் குறைவாக இருந்தபோது அவர் மறைந்தார். அவருக்கு 2000-இல் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது. ஜூலை 7 அன்று மாலை போடுகிறார்கள்.

அவற்றைவிடப் பெரிய நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவை எடுத்துப் படியுங்கள். கிணறு, குளம், சாலை, பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் சாதியின் பெயரால் ஒருவரைத் தடுக்கக்கூடாது என்கிறது. 1924-இல் சென்னைச் சட்டசபையில் சீனிவாசன் கேட்டதும் இதுதான். 26 ஆண்டு கழித்து நாடு முழுவதற்கும் அது சட்டமாயிற்று.

சட்டமாகி எத்தனை ஆண்டு? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்து கிடந்தது. 1924-இல் கேட்ட தண்ணீர் இன்னும் நம் வாய்க்குச் சுத்தமாக வந்து சேரவில்லை.

2025 ஏப்ரலில், குடியிருப்புகளைக் குறிக்கும் காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்கது. வசைச்சொல்லாகிவிட்ட ஒன்றை அரசு சுமந்துகொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் பலகையில் பெயர் மாறிய அன்றே சாலையும் குடிநீரும் பட்டாவும் மாறிவிடுமா என்று சீனிவாசன் இருந்தால் கேட்டிருப்பார். நாமும் கேட்க வேண்டும்.

தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் ரயிலேறிச் சென்னைக் கல்லூரிகளுக்குப் போகும் நம் பிள்ளைகளில், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் நூலகத்தில் ஒளிந்தவன்தான். சீனிவாசனும் பள்ளிக்கு வெளியே ஒளிந்தவர்தான். அப்படி ஒளிந்த பையன்தான் பத்து ரூபாயை வைத்துக்கொண்டு அந்தப் பெயரிலேயே பத்திரிகை நடத்தினார் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். உதவித்தொகைப் பட்டியலில் பெயர் வாசிக்கும்போது எழுந்து நிற்க அது கொஞ்சம் தைரியம் கொடுக்கும்.

இன்று மாலை பீர்க்கன்கரணையில் விளக்கு வைத்த பிறகு, வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். அவர்களுடைய ‘வரலாற்றில் இன்று’ குறிப்பேட்டில், அமெரிக்கச் செய்திகள் மூன்றுக்கும் கீழே இன்னொரு வரி எழுதச் சொல்லுங்கள்: 1945 – இரட்டைமலை சீனிவாசன் மறைவு, பிறந்த ஊர் கோழியாளம், நம் செங்கல்பட்டு மாவட்டம்.